செவிக்கு ஓர் அணி

நுழையும்முன்

விரும்பிய இசையை விரும்பிய நேரத்தில் கேட்கும் வாய்ப்பு இன்று எளியவர் கைக்கும் வந்துவிட்டது. அவ்விசையைச் செவியில் சேர்க்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் விலை, வசதி, ஓசைநயம், உடல்நலம் ஆகிய நான்கையும் சீர்தூக்க வேண்டிய செயல் அது. ஹெட்போன் வாங்கச் சென்ற மாணவன் ஒருவன் தன் செவியைப் பற்றியும் தன் தந்தையின் செவியைப் பற்றியும் அறிந்துகொண்டதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மின்சாரம் இல்லாத நாள்

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒரு பகுதியில் அன்று மின்சாரம் நிறுத்தப்பட்டிருந்தது. பொறிகள் ஓய்ந்து கிடந்ததால் தந்தைக்கு ஒருநாள் விடுப்புக் கிடைத்தது. பதினோராம் வகுப்பில் பயிலும் மகனும் அவரும் காலை பத்து மணியளவில் சென்ட்ரல் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறினர். மகனின் சட்டைப்பையில் 2,500 ரூபாய் இருந்தது. கோடை விடுமுறையில் நகலகம் ஒன்றில் நாள்தோறும் நின்றபடி வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது.

அவனுக்கு ராக் இசையின்மீது தணியாத ஈடுபாடு. பக்கத்துத் தெருவில் கிட்டார் பயிலும் நண்பன் அறிமுகப்படுத்திய அந்த இசை, இரண்டாண்டுகளாக அவனுடைய மாலைப்பொழுதுகளை நிறைத்துவந்தது. அதுவரை அவன் பயன்படுத்தியது தொடர்வண்டியில் கூவி விற்பவரிடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய இயர்போன். அதன் ஒரு பக்கம் ஊமையாகிப் பல மாதங்கள் ஆயின. மறுபக்கத்தை அரைமணி நேரம் செருகியிருந்தால் காதின் உள்ளே வலி எடுத்தது. வண்டியின் இரைச்சலை வெல்ல அவன் ஒலியை முழுவதும் உயர்த்தி வைத்துக் கேட்பான். இறங்கிய பின்னும் சிறிது நேரம் காதுக்குள் சில்வண்டு ஒலிப்பதைப்போன்ற ரீங்காரம் இருக்கும். அதை அவன் பெரிதாக எண்ணியதில்லை.

தந்தை, மின்விசிறி உறுப்புகளுக்கான தகடுகளை வெட்டி வடிவமைக்கும் 'பவர் பிரஸ்' பொறிகளில் 26 ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவர். மகன் கேட்கும் இசையை அவர் ஓரிரு முறை கேட்டதுண்டு. "பட்டறையிலே சும்மா கேக்குற சத்தத்தை நீ காசு கொடுத்துக் கேக்குறியே!" என்று சிரிப்பார். வீட்டில் அவரிடம் எதையும் இருமுறை சொல்லவேண்டும். தொலைக்காட்சியின் ஒலி தெருமுனைவரை கேட்கும். "சட்டையை எடுத்துவாங்க" என்று தாய் கேட்டால், "கட்டை எதுக்கு?" என்று மறுமொழி வரும். குடும்பத்தில் அது நெடுநாளைய நகைச்சுவை. அவருக்குக் கவனம் போதாது என்றே எல்லோரும் கருதியிருந்தனர்.

இரும்பிலிருந்து பிறந்த இசை

வண்டி வில்லிவாக்கத்தைக் கடந்தபோது, அந்த இசையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தந்தை கேட்டார். மகன் அவரருகே நெருங்கி அமர்ந்து உரத்த குரலில் ஒரு கதை சொன்னான்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம் இரும்புத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. 1960களின் நடுப்பகுதியில் அங்கே தகட்டுப் பட்டறை ஒன்றில் டோனி அயோமி என்னும் இளைஞர் வேலை பார்த்தார். அவருக்கு அப்போது வயது 17. கிட்டார் வாசிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பி வேலையை விட்டு விலகும் நாளில், அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைப் பொறி துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். கிட்டாரின் தந்திகளை வலக்கை விரல்களால்தான் அழுத்தவேண்டும். இனி வாசிக்க இயலாது என்று அவர் சோர்ந்திருந்தபோது, பட்டறையின் மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொணர்ந்து கேட்கச் செய்தார். தீவிபத்தில் இரு விரல்களின் இயக்கத்தை இழந்தபின்னும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கலைஞரின் இசைத்தட்டு அது.

அயோமி நெகிழிப் புட்டியை உருக்கி விரல்நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். அதன்மேல் தோலை ஒட்டினார். அழுத்துவதற்கு எளிதாக மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த சுருதியின் கனம் புதியதோர் இசைவகைக்கு அடையாளமாயிற்று. 1968இல் அவரும் அவ்வூர் நண்பர்களும் சேர்ந்து அமைத்த குழு, பின்னர் 'பிளாக் சப்பாத்' என்று பெயர் பெற்றது. 1970இல் அக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது.

தந்தை தம் இடக்கையின் சுட்டுவிரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பல ஆண்டுகளுக்கு முன் தகட்டுக்கும் அச்சுக்கும் இடையில் நசுங்கிய விரல் அது. அதன் நகம் இன்றும் கோணலாகவே வளர்கிறது. "அந்தப் பையன் அப்புறம் பட்டறைக்குப் போகவே இல்லையா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றான் மகன். அவர் சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி தலையசைத்தார். ராக் இசையைப் பற்றி அவர் அதன்பின் கேலி பேசவில்லை.

தெரியுமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் பால்ட்வின், 1910இல் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கிய ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அவை செய்தி கேட்பதற்கு உரியவை. இசைகேட்பதற்கென இரு செவிக்கும் வெவ்வேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை ஜான் காஸ் 1958இல் அறிமுகம் செய்தார். 1979இல் ஜப்பானில் வெளிவந்த வாக்மேன், இசையைத் தெருவுக்கும் தொடர்வண்டிக்கும் கொண்டுவந்தது.

பெட்டியின்மீது எழுதப்பட்ட எண்கள்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, மின்னணுப் பொருள்களுக்குச் சென்னையில் பெயர்பெற்ற கடைவீதி. கம்பிச்சுருள்கள், மின்சுற்றுப் பலகைகள், கணினி உறுப்புகள் ஆகியன இருமருங்கும் குவிந்திருக்க, அவற்றினூடே வண்டிகளும் மனிதர்களும் ஒருவரையொருவர் உரசியபடி நகர்ந்தனர். ஒரு குறுகிய சந்தில் முதியவர் ஒருவர் நடத்திய சிறு கடையில் சுவர் முழுவதும் ஹெட்போன்கள் தொங்கின.

மகன் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின்மீது அச்சிட்டிருந்த எண்களைப் படித்தான். ஏறத்தாழ எல்லாப் பெட்டிகளிலும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்னும் தொடர் இருந்தது. மனிதச் செவி உணரக்கூடிய அதிர்வெண்ணின் எல்லை அதுவே. 300 ரூபாய்க் கருவியும் 30,000 ரூபாய்க் கருவியும் அதே எண்ணைச் சொல்லுமாயின், அவ்வெண் தேர்வுக்கு உதவாது. அந்த எல்லைக்குள் எந்த ஒலியை எவ்வளவு கூட்டியும் குறைத்தும் தருகிறது என்பதில்தான் கருவிக்குக் கருவி வேறுபாடு அமைகிறது. ஒலியெழுப்பும் தட்டின் அகலம் 40 மில்லிமீட்டரா 50 மில்லிமீட்டரா என்பதும் அவ்வாறே. அகலம் மிகுந்தால் ஓசை சிறக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

பயன்தரும் எண்கள் இரண்டு இருந்தன. முதலாவது, மின்னோட்டத்துக்குக் கருவி காட்டும் எதிர்ப்பு. இது ஓம் என்னும் அலகால் குறிக்கப்படும். 16 முதல் 32 ஓம் வரை உள்ள கருவிகளைத் திறன்பேசியே எளிதில் இயக்கும். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கென 250 ஓம் அளவில் செய்யப்படுபவற்றுக்குத் தனியே ஒலிபெருக்கி வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்க நேரும். இரண்டாவது எண், எடை. 200 கிராமுக்கும் 300 கிராமுக்கும் உள்ள வேறுபாட்டைக் கை உணராமல் போகலாம்; ஒருமணி நேரம் கழித்துக் கழுத்து உணர்ந்துவிடும்.

அவன் படிப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "தம்பி, பெட்டியைப் படிச்சு வாங்காதே. உனக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டை உன் போன்ல போடு. பத்து நிமிஷம் தலையிலேயே வச்சிரு. அப்புறம் சொல்லு" என்றார்.

ராக் இசை கேட்கும் வரம்

முதலில் அவர் கொடுத்தது 900 ரூபாய் விலையுள்ள கருவி. தாழ்ந்த ஒலிகளை மிகுத்துக் காட்டுவதே அதன் பெருமை என்று பெட்டி கூறியது. போட்டவுடன் மார்பில் முரசு அறைந்ததைப்போல் இருந்தது. முதல் நிமிடத்தில் அவன் மகிழ்ந்துபோனான். மூன்றாம் நிமிடத்தில் ஏதோ குறைவதை உணர்ந்தான்.

ராக் இசையின் அமைப்பை அறிந்தால் அக்குறை விளங்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. மின்கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. எனினும் கிட்டாரின் உறுமலும் பாடகரின் குரலும் சொல்லின் தெளிவும் வாழுமிடம் நடுப்பகுதியாகிய சில நூறு ஹெர்ட்ஸ் முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையே. டிரம் கலைஞர் குச்சியால் தட்டும் வெண்கலத் தட்டுகளின் சலசலப்பு அதற்கும் மேலே, பல்லாயிரம் ஹெர்ட்ஸ்வரை விரிகிறது. தாழ்பகுதியை அளவுக்கு மீறிப் பெருக்கும் கருவியில் கிட்டாரும் குரலும் வெள்ளத்தில் மூழ்கிய நாற்றுப்போல் ஆகிவிடும். உயர்பகுதியைக் கூட்டும் கருவியோ காதைக் குத்தும். ராக் இசைக்கு வேண்டியது நடுப்பகுதியை மறைக்காத கருவி. முரசின் அறை தனியாகவும், பேஸ் தந்தியின் நடை தனியாகவும், இரண்டு கிட்டார்கள் இரு புறத்தில் வெவ்வேறாகவும் கேட்கவேண்டும்.

முதற்கருவியை அவன் திருப்பிக் கொடுத்தான். கடைக்காரர் வியப்படையவில்லை.

பத்து நிமிடப் பொறுமை

இரண்டாவது கருவி கம்பியில்லாதது. விலை 2,400 ரூபாய். ஓசை தெளிவாக இருந்தது. ஆனால், அதன் வட்டங்கள் காதைச் சூழ்ந்து அமராமல் காதுமடலின்மீதே அழுந்தின. அவன் மூக்குக்கண்ணாடி அணிபவன். நான்காம் நிமிடத்தில் கண்ணாடியின் காம்புக்கும் ஹெட்போனின் அழுத்தத்துக்கும் இடையே காதுமடல் நசுங்குவதை உணர்ந்தான். எட்டாம் நிமிடத்தில் அது வலியாயிற்று. பாட்டைக் கேட்பதா, காதைத் தேய்ப்பதா என்ற நிலை உண்டானது. மேலும், உள்ளிருக்கும் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழந்தால் அதை மாற்றித்தருவது கடினம் என்பதையும் கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்.

அணிவதற்கு இதமாக இருத்தல் என்பது ஆடம்பரம் அன்று. அது சில எளிய கூறுகளால் அமைவது. காது முழுவதும் உள்ளே அடங்குமாறு வட்டத்தின் குழிவு இருக்கவேண்டும். காதின் நுனி உட்புறத் தட்டில் உரசக்கூடாது. தலைமேல் வரும் பட்டை, எடையை ஒரே புள்ளியில் இறக்காமல் பரப்பித் தரவேண்டும். இருபுறமும் கவ்வும் அழுத்தம், குனிந்தால் நழுவாத அளவுக்கு இருந்தால் போதும். மெத்தைமீது உள்ள உறையும் முதன்மையானது. செயற்கைத் தோலுறை வெளியோசையை நன்கு தடுக்கும். ஆனால் சென்னையின் வெயிலில் வியர்வையைத் தேக்கி, ஓரிரு ஆண்டுகளில் செதில்செதிலாக உரியும். துணியுறை காற்றோட்டம் தரும். வெளியோசையைத் தடுப்பதில் சற்றுப் பின்தங்கும். கண்ணாடி அணிவோருக்கு மெத்தை மென்மையாக இருப்பது மிகவும் தேவை. காம்பு உண்டாக்கும் சிறு இடைவெளி வழியே தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும். மென்மையான மெத்தை அவ்விடைவெளியை நிரப்பும்.

மூன்றாவது கருவியின் விலை 1,750 ரூபாய். கம்பியுள்ளது, பின்புறம் மூடியது, ஏறத்தாழ 220 கிராம் எடை, மென்துணி உறை. கம்பியைக் கழற்றி மாற்றலாம், மெத்தையையும் மாற்றலாம். "எல்லாக் கம்பியும் செருகுற இடத்துலதான் முதல்ல அறுந்துபோகும். இதுக்கு அம்பது, நூறு ரூபாயில புதுக் கம்பி போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். பின்புறம் திறந்த வகை வீட்டின் அமைதியில் இன்னும் இயல்பாக ஒலிக்கும் என்றும், பேருந்திலும் தொடர்வண்டியிலும் கேட்பவனுக்கு மூடியதே ஏற்றது என்றும் அவர் விளக்கினார். வெளியிரைச்சல் உள்ளே வராவிட்டால் ஒலியை உயர்த்தவேண்டிய தேவையும் வராது.

பத்து நிமிடங்கள் கடந்தன. தலையில் கருவி இருப்பதையே அவன் மறந்திருந்தான். ஆயிரம் முறை கேட்ட பாட்டில் பாடகர் மூச்சை உள்ளிழுக்கும் ஒலியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டான்.

நின்றுபோன பாட்டு

அந்த மகிழ்ச்சியில் அவன் ஹெட்போனைக் கழற்றி, மூங்கில் முக்காலியில் அமர்ந்திருந்த தந்தையின் தலையில் வைத்தான். "நீங்களும் கேளுங்கப்பா" என்றான். தந்தை முதலில் கூச்சப்பட்டார். பிறகு முரசின் நடைக்கேற்ப அவருடைய பாதம் தரையைத் தட்டத் தொடங்கியது. கடைக்காரர் சிரித்தார். தந்தையும் சிரித்தார்.

அந்தப் பாட்டில் ஓரிடம் உண்டு. கிட்டார்களும் பேஸும் முரசும் ஒருசேர நின்றுவிடும். டிரம் கலைஞர் இணைத்தட்டைக் குச்சியால் மெல்லத் தட்டித் தாளத்தை மட்டும் காத்து நிற்பார். சில நொடிகள் கழித்து எல்லாக் கருவிகளும் மீண்டும் பாய்ந்து வரும். மகன் அந்த இடத்துக்காகவே காத்திருந்தான். தந்தையின் முகம் மலரும் என எதிர்பார்த்தான்.

தந்தை ஹெட்போனைக் கழற்றி நீட்டினார். "பாட்டு நின்னுபோச்சுப்பா" என்றார்.

மகன் விரைந்து அதைத் தன் காதில் வைத்தான். பாட்டு நிற்கவில்லை. இணைத்தட்டு துல்லியமாக ஒலித்துக்கொண்டிருந்தது. கம்பி சரியாக இருந்தது. அவன் பாட்டை அதே இடத்துக்குத் திருப்பி, மறுபடியும் தந்தையின் தலையில் வைத்தான். "இப்ப?" என்று கேட்டான். அவர் கவனமாகச் செவிகொடுத்தார். "ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் குரலில் கவலை ஏதும் இல்லை. இல்லாத ஒன்றை இல்லையென்று சொல்வதைப்போல அவர் அதைச் சொன்னார்.

கடைக்காரர் பெட்டிகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு, "நீங்க பிரஸ்ல வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டார். தந்தைக்கு அது கேட்கவில்லை. மகன் தலையசைத்தான். வீட்டில் இத்தனை ஆண்டுகள் எழுந்த சிரிப்பெல்லாம் அவன் நினைவுக்கு வந்தது. சட்டை கட்டையானது கவனக்குறைவால் அன்று.

ஒலியின் கணக்கு

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற சுருள் உறுப்பு ஒன்று உள்ளது. அதனுள்ளே நுண்மயிர் கொண்ட உணர்செல்கள் ஏறத்தாழ 15,000 வரிசையாக அமைந்துள்ளன. ஒலியின் அதிர்வால் அசைந்து, அவ்வசைவை நரம்புக்குரிய குறிப்பாக மாற்றுபவை அவை. சுருளின் நுழைவாயிலில் உள்ளவை உயர்ந்த ஒலிகளையும், உள்முனையில் உள்ளவை தாழ்ந்த ஒலிகளையும் உணரும். மிகுந்த ஓசை நெடுநாள் தாக்கினால் அச்செல்கள் மடிகின்றன. தோலைப்போலவோ நகத்தைப்போலவோ அவை மனிதரில் மீண்டும் வளர்வதில்லை.

இவ்விழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளில் தொடங்குகிறது. உயிரெழுத்துகளின் ஓசை தாழ்பகுதியில் இருப்பதால் அது கேட்டுக்கொண்டேயிருக்கும்; ச, த, ப போன்ற வல்லின ஓசைகளின் வேறுபாடு மங்கிவிடும். பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. வலியில்லாமல், ஆண்டுக்கணக்கில் சிறிதுசிறிதாக நேர்வதால் இழப்பவரே அதை அறிவதில்லை. செல்வங்களுள் தலையாயது செவிச்செல்வம் என்று வள்ளுவர் கூறினார். கேள்வியால் பெறும் அறிவை அவர் அவ்வாறு போற்றினார். அந்த அறிவு நுழையும் வாயில் இத்துணை மெல்லியது.

ஓசையை அளக்கும் அலகு டெசிபல். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இருமடங்காகும். செவிக்கோ அது சிறு ஏற்றமாகவே தோன்றும். இடர் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒரு வாரத்தில் 80 டெசிபல் ஓசையை 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. சிறார்க்கு அவ்வரம்பு 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 80க்கு 40 மணி என்றால் 83க்கு 20 மணி. 86க்கு 10 மணி. 89க்கு 5 மணி. 92க்கு இரண்டரை மணி மட்டுமே. முழு ஒலியில் வைத்தால் 100 டெசிபலைக் கடக்கும் கருவிகளும் உள்ளன. 12 வயது முதல் 35 வயது வரை உள்ளோரில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வாறு கேட்டுச் செவித்திறனை இழக்கும் வாய்ப்பில் உள்ளனர் என்று அந்நிறுவனம் எச்சரிக்கிறது.

தந்தையின் செவியைப் பொறி தேய்த்தது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. குடும்பத்தின் உணவு அப்பொறியிலிருந்து வந்தது. மகனோ தொடர்வண்டியில் நூறு ரூபாய் இயர்போனைக் கொண்டு, எவரும் வற்புறுத்தாமல், தன் செவியைத் தானே அதே வழியில் நடத்திவந்தான். இறங்கியபின் ஒலித்த அந்தச் சில்வண்டின் பொருள் அவனுக்கு அப்போது விளங்கியது.

தெரியுமா?

'தி ஹூ' என்னும் ஆங்கில ராக் இசைக்குழு, 1976இல் லண்டன் சார்ல்டன் திடலில் நடத்திய நிகழ்ச்சி, 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் ஓசையைப் பதிவுசெய்து கின்னஸ் நூலில் இடம்பெற்றது. அக்குழுவின் கிட்டார் கலைஞர் பீட் டவுன்செண்ட் பின்னாளில் செவித்திறன் குன்றினார். ஒலிப்பதிவுக் கூடத்தில் ஹெட்போனை மிகுந்த ஒலியில் பயன்படுத்தியதே அதற்குக் காரணம் என்று அவரே வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

இரண்டு கருவிகள்

1,750 ரூபாயைக் கொடுத்து மூன்றாவது கருவியை மகன் வாங்கிக்கொண்டான். கையில் 750 ரூபாய் எஞ்சியது. அதில் புதிய இசைத்தந்தி ஒன்றை நண்பனுக்குப் பரிசளிப்பதாக முன்பே எண்ணியிருந்தான். அந்த எண்ணத்தை ஒத்திவைத்தான். தந்தையை அழைத்துக்கொண்டு பாரிமுனைக்குச் சென்றான். தொழிலகப் பாதுகாப்புப் பொருள்கள் விற்கும் கடையில் தலைக்கவசங்களுக்கும் கையுறைகளுக்கும் இடையே அவன் தேடியது தொங்கிக்கொண்டிருந்தது. ஓசையைத் தடுக்கும் காதுக்கவசம் அது. தலைப்பட்டை, காதைச் சூழும் இரு வட்டங்கள், மெத்தை எல்லாம் ஹெட்போனில் இருப்பவைபோலவே இருந்தன. பொருத்தமாக அணிந்தால் 20 டெசிபலுக்கும் மேல் ஓசையைக் குறைக்கும் என்றார் விற்பவர். காது முழுவதும் அடங்குகிறதா, பட்டை அழுத்துகிறதா, வியர்த்தால் மெத்தையைக் கழுவலாமா என்று மகன் ஒவ்வொன்றாகக் கேட்டான். காலையில் தனக்காகக் கற்றவையெல்லாம் தந்தைக்கும் பொருந்தின. கவசத்தைத் தந்தையின் தலையில் வைத்துப் பத்து நிமிடம் காத்திருக்கச் சொன்னான்.

திரும்பும் வண்டியில் தந்தை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்பியே காணோமே, இதுல என்ன பாட்டு வரும்?" என்று கேட்டார்.

"எதுவும் வராதுப்பா. அதுக்குத்தான்" என்றான் மகன்.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் தந்தைக்குச் செவித்திறன் சோதனை செய்யப்பட்டது. வரைபடத்தாளில் தாழ்ந்த ஒலிகளுக்கான கோடு ஓரளவு நேராக வந்து, உயர்ந்த ஒலிகளை நெருங்கியதும் கிணற்றுப்படிபோல் இறங்கியிருந்தது. போனது திரும்பாது என்றும், இருப்பதைக் காக்கலாம் என்றும், காதொலிக்கருவி பேச்சைத் தெளிவாக்கும் என்றும் மருத்துவர் கூறினார். அன்றுமுதல் தாய் அவரை எதிரில் நின்று, முகம் பார்த்துப் பேசத் தொடங்கினார். சட்டையும் கட்டையும் அவ்வீட்டில் பிறகு குழம்பவில்லை.

மகன் தன் திறன்பேசியில் ஒலிக்கு உச்சவரம்பு வைத்துக்கொண்டான். கையெட்டும் தொலைவில் நிற்பவர் இயல்பாகப் பேசுவது கேட்கிறதா என்று இடையிடையே சோதித்தான். மணிக்கு ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிச் செவிக்கு ஓய்வு தந்தான். ஒலியைக் குறைத்துக் கேட்டபோது, முன்பு இரைச்சலுக்குள் புதைந்திருந்த நுண்மைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பர்மிங்காம் பட்டறையில் விரல்நுனியை இழந்தவரின் கிட்டார், அம்பத்தூர் வீட்டின் சிறு அறையில் தெளிவாக ஒலித்தது.

அவ்வீட்டின் வாயிலருகே இரண்டு ஆணிகள் இருக்கின்றன. இரவில் ஒன்றில் ஹெட்போனும் மற்றொன்றில் காதுக்கவசமும் தொங்கும். காலையில் முதலில் காலியாவது தந்தையின் ஆணி. அவர் மறந்து கிளம்பினால் மகன் தெருமுனைவரை ஓடிச்சென்று, அதை அவர் கையில் கொடுத்துவிட்டே பள்ளிக்குப் புறப்படுவான்.

கற்பவை கற்றபின்...

1. உம் வீட்டிலும் தெருவிலும் ஒருநாள் முழுவதும் கேட்கும் ஓசைகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் செவிக்கு இதமானவை, இடர் தருபவை என வகைப்படுத்துக.

2. மிகுந்த ஓசைக்கு நடுவே பணிபுரியும் ஒருவரைச் சந்தித்து, அவருடைய பணி அனுபவத்தைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. 'பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் பார்த்தல் போதுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.